முப்பது விழுக்காட்டில் நின்ற விண்ணப்பம்: மனநோய் உள்ள ஒருவரின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் குறித்த நிகழ்வு ஆய்வு

மனநோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு மனு எழுதவும் அலுவலகம் ஏறி இறங்கவும் துணையாக இருக்கும் சிறு குழு ஒன்றில் இருக்கிறேன். எங்களிடம் வந்தவற்றில் ஒரு விண்ணப்பத்தின் கதை இது. சம்பந்தப்பட்டவரும் அவருடைய தாயாரும் எழுதச் சம்மதித்தார்கள். ஊர், மருத்துவமனை, அலுவலகம் எதையும் குறிப்பிடவில்லை; அடையாளம் தெரியக்கூடிய ஓரிரு விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

பின்னணி

2022-ல் அவருக்கு வயது 34. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமம். தந்தை இல்லை. தாயார் நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று கிடைத்ததைச் செய்பவர். ஒரே தங்கை பக்கத்து ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறார்.

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, 2009-ல், நோய் தொடங்கியது. வகுப்பில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொன்னார். பிறகு யாரும் இல்லாதபோதும் குரல்கள் கேட்டன. டவுனில் ஒரு தனியார் மனநல மருத்துவர் பார்த்தார். 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று வாரத்துக்கு மேல் உள்நோயாளியாக இருந்தார். மனச்சிதைவு நோய் என்று எழுதி அனுப்பினார்கள். ஒரு வருடம் மாத்திரை ஒழுங்காகப் போனது. பிள்ளை எந்நேரமும் தூங்குகிறான் என்று தாயார் அதை நிறுத்தினார். அடுத்து, மனநோய் தீரும் என்று நம்பிப் போகும் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினார்கள். வேறு இரண்டு கோயில்கள், ஒரு தர்கா. நடுவில் திருப்பூர் பனியன் கம்பெனியில் தாய்மாமா சேர்த்துவிட, இரண்டு வாரம்கூட நிற்காமல் திரும்பிவந்தார். இப்படிப் பத்து ஆண்டு போனது. அந்தப் பத்தாண்டுக்கு மருத்துவக் காகிதம் என்று ஒன்றும் கிடையாது.

2021-ல் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் மாதம் ஒருமுறை வட்ட மருத்துவமனைக்கு வருகிறார் என்று செவிலியர் ஒருவர் சொல்ல, அங்கே புதிதாகப் பதிவு செய்து மாத்திரை தொடங்கினார்கள். குரல்கள் பெரிதும் அடங்கின. ஆனால் தாயார் சொன்னது இது: “சத்தம் போடுறது நின்னுபோச்சுங்க. எழுந்திரிச்சு ஒண்ணு செய்யணும்ங்கிற நெனப்புதான் வரல.”

இந்த வாக்கியத்தில்தான் மொத்த விண்ணப்பமும் இருந்தது. மனச்சிதைவு நோயில் குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும் வெளியே தெரியும். பேச்சு குறைவது, முனைப்பு அற்றுப்போவது, உடம்பைக் கவனிக்காமல் விடுவது இவை தெரியாது. மாத்திரை முதல் வகையை அடக்கும் அளவுக்கு இரண்டாம் வகையை அசைப்பதில்லை. ஊர்க்கண்ணுக்கு அவர் அமைதியான, தொந்தரவில்லாத பிள்ளை. அந்த அமைதியே அவருடைய இயலாமையில் பெரும் பங்கு.

முதல் மதிப்பீடு

2022 இறுதியில் இ-சேவை மையத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்குப் பதிவு செய்தார்கள். 2021 ஜூன் முதல் ஊனச் சான்றிதழ் யுடிஐடி இணையதளம் வழியாக மட்டுமே வழங்கப்படுகிறது. மருத்துவக் குழு கூடும் நாளில் வரச் சொன்னார்கள்.

அன்று நடந்ததைத் தாயார் பிற்பாடு விவரித்தார். முதல் நாளே பிள்ளைக்கு முடி வெட்டி, சவரம் செய்து, காலையில் தாய்மாமா வந்து குளிக்க வைத்து, தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டு, விபூதி பூசிக் கூட்டிப்போயிருக்கிறார். பெரிய டாக்டர்கள் முன்னால் நிற்கும்போது பிள்ளை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா? வராந்தா முழுக்கக் கூட்டம். இவர்கள் முறை வந்ததும் இரண்டு மூன்று கேள்விகள்.

“தம்பி தானா குளிப்பாரா, சாப்பிடுவாரா?”

“எல்லாம் செய்வான் சார். தங்கமான புள்ள.”

“எவ்வளவு நாளா வைத்தியம்?”

“ஒரு வருஷமா மாத்திரை வாங்கிட்டு இருக்கோம் சார்.”

இரண்டு பதிலிலும் பொய் இல்லை. பிள்ளையைப் பற்றி நாலு பேர் முன்னால் குறை சொல்லிப் பழக்கமில்லாத ஒரு தாய் வேறு எப்படிப் பதில் சொல்லியிருப்பார்? தங்கைக்கு வரன் பார்த்த காலத்தில் “அண்ணனுக்கு நரம்புத் தளர்ச்சி, வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

சான்றிதழ் 30 விழுக்காடு என்று வந்தது, தற்காலிகச் சான்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பெரும்பாலான நலத்திட்டங்களுக்கு 40 விழுக்காடுதான் வாசல்படி. வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கும், ஊரில் ஓஏபி என்று பொதுவாகச் சொல்வார்கள், அதே அளவுதான். மனு தள்ளுபடியானது.

எங்களிடம் அவர்கள் வந்தது 2023 பிப்ரவரியில். அதற்குள் ஒரு தரகர், ஐயாயிரம் கொடுத்தால் 80 விழுக்காடு வாங்கித் தருவதாகப் பேசியிருந்தார். தாயார் தோட்டை அடகு வைக்கத் தயாராக இருந்தார்.

கோப்பில் கண்டது

சான்றிதழில் விழுக்காடு மட்டும்தான் இருக்கும். அது எப்படி வந்தது என்று தெரியாமல் அடுத்த அடி வைப்பதில் பயனில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 25, தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயருக்கே தருகிறது. அவர் கையெழுத்திலேயே ஒரு கடிதம் கொடுத்து மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேட்டோம். கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது, கிடைத்தது.

மனநோயால் வரும் இயலாமையை அளக்க ஐடியாஸ் என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கியது; 2018-ல் மத்திய அரசு அறிவித்த மதிப்பீட்டு வழிகாட்டுதல்களிலும் இதுதான். நான்கு தலைப்பு: தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களுடன் பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். குறை கூடக் கூட எண் கூடும். இந்தக் கூட்டுத்தொகையுடன் நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண் சேரும். 2 ஆண்டுக்குள் என்றால் 1, 2 முதல் 5 ஆண்டு என்றால் 2, 6 முதல் 10 என்றால் 3, பத்துக்கு மேல் என்றால் 4. உச்சம் 20.

அவருடைய தாளில் இருந்தது: தன் கவனிப்பு 0, பழகுதல் 2, பேச்சு 1, வேலை 2. ஆக 5. காலத்துக்கு 1. மொத்தம் 6. லேசான இயலாமை, அதாவது நாற்பதுக்குக் கீழே.

காலத்துக்கு ஏன் 1? மருத்துவமனையிடம் இருந்த ஒரே கோப்பு 2021-ல் திறந்தது. தாயாரும் ஒரு வருஷம் என்றுதான் சொன்னார். 2009 என்று பதிவாகியிருந்தால் அங்கே 4 விழுந்திருக்கும், மொத்தம் 9. மற்ற எந்த மதிப்பெண்ணும் மாறாமலே நடுத்தர இயலாமைக்குள், 40-க்கு மேல் போயிருப்பார். பதின்மூன்று வருட நோய் ஒரு வருட நோயாகப் பதிவானதுதான் ஓய்வூதியத்தைத் தடுத்தது. தன் கவனிப்பில் விழுந்த பூஜ்யம் வேறு. அதற்குக் காரணம் தீபாவளிச் சட்டை.

மருத்துவர்கள்மேல் பழி போடுவதற்கு இதில் அதிகம் இல்லை. வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது முன்னால் வைக்கப்பட்டதைத்தான் பார்ப்பார்கள். முன்னால் வைக்கப்பட்டது போதாது.

எடுத்த முடிவுகள்

மேல்முறையீடா, மறுமதிப்பீடா என்பது முதலில் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 59 மேல்முறையீட்டுக்கு வழி தருகிறது. குழு தன் முன் இருந்த சான்றுகளைத் தவறாக எடைபோட்டது என்று சொல்வதற்கான வழி அது. இங்கே சான்றே போகவில்லை. சான்றிதழும் தற்காலிகமானது. ஆகவே புதிய ஆவணங்களை இணைத்து அதே குழுவிடம் மறுமதிப்பீடு கேட்பது என்று தீர்மானித்தோம். இன்னொரு காரணமும் உண்டு. அதே மருத்துவர்கள்தான் இனி ஆண்டுக்கணக்கில் மாத்திரை எழுதப்போகிறவர்கள். “நீங்கள் தவறு செய்தீர்கள்” என்று தொடங்கும் மனுவைவிட “அன்று நாங்கள் கொண்டுவராதவை இவை” என்று தொடங்கும் மனு நல்லது.

அடுத்தது எந்தத் திட்டம் என்பது. வருவாய்த் துறை ஓய்வூதியம் 2023-ல் மாதம் 1,500 ரூபாயாக இருந்தது. மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை அப்போது மாதம் 2,000 ரூபாய். அது அறிவுசார் குறைபாடு, கடும் உடல் பாதிப்பு, தசைச்சிதைவு போன்ற சில வகைகளுக்கு. விஷயம் தெரிந்த ஒருவர் குடும்பத்துக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்: “அறிவுசார் குறைபாடுன்னு எழுதி வாங்கிடுங்க, ஐநூறு கூட வரும்.” இதை ஏற்கவில்லை. பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு வரை படித்தவருக்கு, வளரும் பருவத்திலேயே தொடங்கும் அறிவுசார் குறைபாடு என்று எழுத முடியாது. எழுதினால் அவருடைய சிகிச்சைக் கோப்பே அதை மறுக்கும். பொய்யென்று ஒருமுறை பதிந்தால் பிறகு உண்மைக்கும் மதிப்பிருக்காது.

மூன்றாவது, எப்படிக் கூட்டிப்போவது. “இந்தத் தடவை பத்து நாள் குளிக்க வைக்காம, அழுக்குச் சட்டையோட கூட்டிட்டுப் போங்க” என்று உறவினர்கள் பலரும் சொன்னார்கள். நாங்கள் வேண்டாம் என்றோம். ஒரு மனிதரை வேடம் கட்டி நிறுத்துவது அவமரியாதை. அனுபவமுள்ள மனநல மருத்துவர் அதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கடினமும் இல்லை. குளித்தே வரட்டும். யார், எத்தனை முறை சொல்லி, எப்படிக் குளிக்க வைத்தார்கள் என்பது காகிதத்தில் இருக்கட்டும். அளவுகோல் கேட்பதும் அதைத்தான்: தானாகச் செய்கிறாரா, தூண்டினால் செய்கிறாரா, பிறர் செய்துவிட வேண்டுமா.

கடைசியாக அவருடைய சம்மதம். பைத்தியம் என்று அட்டையில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவர். அட்டையில் மனநோய் என்ற வகை இருக்கும் என்பதை மறைக்காமல் சொன்னோம். பேங்க் கணக்கு பற்றிப் பேசும்போது நிமிர்ந்து, “காசு என் பேர்லயா வரும்?” என்று கேட்டார். ஆமாம் என்றதும், “அப்ப போடுங்க” என்றார்.

காகிதங்களைத் தேடியது

தாயாரிடம் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதில் மின்கட்டண ரசீது, கோயில் பிரசாதக் கவர், ரேஷன் அட்டை நகல், மடிந்து மடிந்து எழுத்து அழிந்த ஓபி சீட்டுகள். 2010-ன் டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. பழைய எக்ஸ்ரே உறை ஒன்று இருந்தது. அதன் மூலையில் உள்நோயாளி எண்ணும் ஆண்டும் பேனாவால் எழுதியிருந்தது.

அந்த எண்ணை வைத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பதிவேடுகள் பிரிவில் எழுதிக் கொடுத்தோம். மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி மருத்துவர்கள் உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று ஆண்டு என்பது குறைந்தபட்சம். பெரிய அரசு மருத்துவமனைகளில் அதைவிடப் பழைய கட்டுகளும் கிடப்பதுண்டு. தேடித்தந்த ஊழியருக்கு எழுத்தில் நன்றி சொல்ல முடியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான். ஒற்றைப் பக்கச் சுருக்கம்: நோயின் பெயர், தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம், கொடுத்த மாத்திரைகள். 2009 என்ற ஆண்டு அங்கே நின்றது. தனியார் மருத்துவரின் கிளினிக் மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன, அதைத் தேடவில்லை.

கோயில்களில் கழிந்த பத்தாண்டுக்கு என்ன செய்வது? சிகிச்சை இல்லாத காலத்தை நோய் இல்லாத காலமாகப் படிக்க இடம் உண்டு. இங்கே மருத்துவம் சாராத காகிதங்கள் கைகொடுத்தன. பாலிடெக்னிக்கின் மாற்றுச் சான்றிதழில் “படிப்பை இடையில் நிறுத்தினார்” என்ற குறிப்பு, 2009 தேதியுடன். நூறு நாள் வேலை அட்டையில் தாயார் பெயருடன் அவர் பெயரும் இருந்தது. ஒவ்வொருவரும் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்ற பதிவை எடுத்தோம். தாயார் ஆண்டுதோறும் வந்திருக்கிறார். மகனுக்குத் தொடக்கத்தில் சில நாட்கள், பிறகு ஆண்டுக்கணக்கில் ஒன்றுமே இல்லை. வேலைத் திறனைப் பற்றி நூறு வரி எழுதுவதைவிட அந்த ஒரு பக்கம் பேசியது. முதலில் அந்த அட்டையைக் காட்டவே தாயார் தயங்கினார், வேலைக்குப் போகிறவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று.

2021-க்குப் பிறகான காலத்துக்கு மாத்திரை நோட்டு போதுமானதாக இருந்தது. மாதாமாதம் தேதி, மனச்சிதைவுக்கான மாத்திரையான ரிஸ்பெரிடோன் எத்தனை, கைநடுக்கத்துக்கான மாத்திரை எத்தனை, மருத்துவரின் சுருக்கெழுத்து. இரண்டு மாதம்தான் விடுபட்டிருந்தது. வயலில் நடவு நேரம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் இவ்வளவுதான் முன்னேற்றம் என்பதை நிறுவ இந்த நோட்டு வேண்டும். இல்லாவிட்டால் “முதலில் வைத்தியம் பாருங்கள், பிறகு வாருங்கள்” என்று சொல்லிவிடலாம்.

ஆதாரில் இனிஷியல் ஒன்று, ரேஷன் அட்டையில் இன்னொன்று. ஆதாருடன் இணைந்த கைபேசி எண் தங்கை கணவர் எப்போதோ விட்டுவிட்ட எண். இவற்றைச் சரிசெய்யவே சில வாரங்கள் பிடித்தன. எழுத ஒன்றுமில்லை, ஆனால் இதைச் செய்யாமல் மற்றதைத் தொடங்கினால் ஓடிபி வராமல் எல்லாம் நின்றுவிடும்.

தினக்குறிப்பு

தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தங்கை மகள் கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டில் இருந்தாள். அவளிடம் ஒரு நோட்டு கொடுத்து, மாமா என்ன செய்கிறார், யார் சொல்லிச் செய்கிறார் என்பதை மட்டும் எழுதச் சொன்னோம். பாவம் என்றோ கஷ்டம் என்றோ எழுத வேண்டாம், பார்த்ததை எழுது என்றோம். சில வரிகளை அப்படியே தருகிறேன்:

“காலை 9.30. பல் தேய்க்கச் சொல்லி ஆயா நாலு தடவை சொன்னாங்க. அஞ்சாவது தடவை பிரஷ்ல பேஸ்ட் வச்சு கையில குடுத்தாங்க. தேய்ச்சார்.”

“குளிக்கல. நேத்தும் குளிக்கல. முந்தா நாள் பெரிய மாமா வந்து அதட்டி, தண்ணி ஊத்தி விட்டார்.”

“சாப்பாடு தட்டுல போட்டு வச்சா சாப்பிடறார். ஆயா வேலைக்குப் போயிட்டாங்க, சோறு பானையில இருந்துச்சு, எடுத்துப் போட்டுக்கல. சாயங்காலம் ஆயா வந்து போட்டாங்க.”

“டீக்கடைக்குப் போனார். ரெண்டு குடம் தண்ணி எடுத்து ஊத்தினார். மூணாவது குடத்தை அடிபம்புகிட்டயே வச்சிட்டு வந்துட்டார். கடைக்காரர் டீ குடுத்தார்.”

“அம்மா போன் பண்ணினாங்க. மாமாகிட்ட குடுத்தேன். ம் ம்னு மட்டும் சொன்னார். கட் பண்ணாம வச்சிட்டார்.”

இரண்டு வாரக் குறிப்பு. இதில் நல்ல நாட்களும் இருந்தன. ஒருநாள் அவரே குளித்திருக்கிறார். ஒருநாள் அந்தப் பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த வரிகளை எடுத்துவிடலாமா என்று தங்கை கேட்டார். எடுக்கவில்லை. நல்ல நாளே இல்லாத நோட்டை யாரும் நம்பமாட்டார்கள். அதோடு, கணக்கு சொல்லிக்கொடுத்த அந்த மாலை அவருக்குச் சொந்தமானது.

நோட்டைப் படித்துக்காட்டியபோது தாயார் வாயடைத்துப்போய் இருந்தார். பிறகு, “இதெல்லாம் நான் செய்யறதுன்னே எனக்குத் தெரியலயே” என்றார். பதின்மூன்று வருடமாகச் செய்வது வேலையாகவே தோன்றாமல் போயிருந்தது.

நோட்டிலிருந்து நான்கு தலைப்பின் கீழ் ஒரு பக்கச் சுருக்கம் எழுதினோம். அளவுகோலின் மதிப்பெண்களை நாங்களே போட்டுக் கொடுக்கவில்லை. அது மருத்துவரின் வேலை. அந்தப் பக்கத்தை மாதாந்திர முகாமுக்கு வரும் மருத்துவரிடம் கொடுத்து, அவர் கண்டதோடு ஒத்துப்போனால் ஒரு குறிப்பு எழுதித்தரும்படி கேட்டோம். விழுக்காடு எழுதித் தாருங்கள் என்று கேட்கவில்லை. அவர் தாயாரிடம் அரைமணி நேரம் தனியாகப் பேசி, தூண்டுதல் இல்லாமல் அன்றாடக் காரியங்கள் நடப்பதில்லை என்றும், சிகிச்சை முறையாக எடுத்தும் இந்நிலை நீடிக்கிறது என்றும் எழுதினார்.

இரண்டாவது மதிப்பீடு

ஜூலையில், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மறுமதிப்பீட்டு மனுவைக் கொடுத்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மருத்துவமனைக்கு அனுப்பவைத்தோம். பதிவு எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு கிடைப்பதுதான் அந்தக் கூட்டத்தின் பயன். செப்டம்பரில் அழைப்பு வந்தது.

கோப்பின் மேல் ஒரு பக்கக் கடிதம். முதல் பத்தியிலேயே: நோய் தொடங்கியது 2009; சான்று இணைப்பு 1 மற்றும் 2. சென்ற முறை இந்த ஆவணங்கள் சமர்ப்பிக்கப்படவில்லை. மொத்தம் பத்துப் பக்கத்துக்குள். மஞ்சள் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னோம்.

அவர் சாதாரண சட்டையில், குளித்துத்தான் வந்தார். தாயாரிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தோம்: “செய்வானா”ன்னு கேட்டா, யாரு சொல்லி, எத்தனை தடவை சொல்லின்னு சேர்த்துச் சொல்லுங்க, அவ்வளவுதான். இந்த முறை மனநல சமூகப் பணியாளர் தாயாரைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். பிள்ளை பக்கத்தில் இல்லாததால் தாயாருக்கு வாய் வந்தது.

தன் கவனிப்பு 2, பழகுதல் 2, பேச்சு 1, வேலை 3, காலத்துக்கு 4. மொத்தம் 12. நடுத்தர இயலாமை. சான்றிதழில் 60-ஐத் தாண்டிய விழுக்காடு, மீண்டும் தற்காலிகம். தரகர் சொன்ன 80 வரவில்லை. வந்திருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும்.

வருவாய்த் துறைக் கட்டம்

சான்றிதழ் வந்தால் பணம் வந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இ-சேவை விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று இன்னொரு வரிசை இருக்கிறது.

விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. டீக்கடையில் விசாரித்திருக்கிறார். “அவரா, இங்கதான் வேலை செய்யறாரு” என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லிவிட்டார், நல்ல மனதோடுதான். மனு அங்கே நின்றது. தினக்குறிப்பின் இரண்டு பக்கமும் நூறு நாள் வேலைப் பதிவும் மறுபடி உதவின. கடைக்காரரும் கூலி எதுவும் கொடுப்பதில்லை, டீ மட்டும்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

2024 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. மார்ச் மாதம் முதல் 1,500 ரூபாய் அவர் பெயரிலேயே உள்ள கணக்கில் விழுந்தது. முதல் மனு தள்ளுபடியான நாளிலிருந்து நிலுவை கேட்டுப் பார்த்தோம்; உத்தரவு நாளிலிருந்துதான் என்றார்கள்.

பிறகு நடந்தவை

பணத்தில் பாதி வீட்டுக்குப் போகிறது. முதல் மாதம் அவர் தாய்மாமா துணையுடன் பேங்குக்குப் போய்த் தானே கையெழுத்துப் போட்டு எடுத்தார். சில மாதங்கள் தாயாரே எடுத்துவருகிறார். முகாமுக்கு மாதம் தவறாமல் போவது இப்போது எளிது; பேருந்துக்கும் அன்றைய கூலி இழப்புக்கும் ஈடு இருக்கிறது.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகச் சொல்ல முடியாது. தங்கையின் மாமியார் வீட்டுக்கு அட்டை விஷயம் தெரிந்து, அந்தப் பெண் குழந்தையைச் சில மாதம் பாட்டி வீட்டுக்கு அனுப்பவில்லை. இதை நாங்கள் முன்கூட்டியே பேசியிருந்தோம், தங்கை தெரிந்தேதான் சம்மதித்தார். இருந்தாலும் விலை அது.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். விஷயம் பரவியதும் வேறு இரண்டு குடும்பங்கள் அந்த நோட்டின் நகலைக் கேட்டன, பார்த்து அப்படியே எழுதுவதற்கு. கொடுக்கவில்லை. ஒரே குழுவின் முன்னால் மூன்று கோப்பில் “அஞ்சாவது தடவை பேஸ்ட் வச்சுக் குடுத்தாங்க” என்று இருந்தால் மூன்றும் குப்பைக்குப் போகும், உண்மையானது உட்பட. அந்தக் குடும்பங்களுக்கு வெற்று நோட்டைத்தான் கொடுத்தோம்.

நடைமுறையில் மாற்றியவை

இப்போது குடும்பம் வந்ததும் முதலில் கேட்பது நோயின் பெயரையோ விழுக்காட்டையோ அல்ல. எந்த வருடம் படிப்போ வேலையோ நின்றது, அதற்கு ஒரு காகிதம் உண்டா என்றுதான். மாற்றுச் சான்றிதழ், பிஎஃப் கணக்கு நின்ற மாதம், வேலையை விட்டு நீக்கிய கடிதம், நூறு நாள் வேலைப் பதிவு எதுவாகவும் இருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தால் அன்றே நகலெடுத்து, கைபேசியில் படமும் எடுத்துவைக்கச் சொல்கிறோம்.

தினக்குறிப்பை முதல் மதிப்பீட்டுக்கு முன்பே தொடங்குகிறோம். பராமரிப்பவரைத் தனியாக விசாரிக்கும்படி குழுவுக்கு எழுதும் கடிதத்திலேயே ஒரு வரி சேர்க்கிறோம். வி.ஏ.ஓ. விசாரணைக்கு முன்னால் அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேரிடம் விஷயத்தைச் சொல்லிவைப்பது நல்லது. ஆனால் அதற்குக் குடும்பம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பாத வீடுகளில் வற்புறுத்துவதில்லை. அங்கே எழுத்துச் சான்றைக் கூடுதலாகச் சேர்க்கிறோம்.

இந்த நிகழ்வு 2018-ன் வழிகாட்டுதல்கள் நடப்பில் இருந்தபோது நடந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு மதிப்பீட்டு வழிகாட்டுதல்களைத் திருத்தி வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் யுடிஐடி விண்ணப்ப விதிகளும் மாறின. இப்போது விண்ணப்பிப்பவர்கள் தங்கள் மருத்துவமனையில் எந்த அளவுகோல், எந்தப் படிவம் என்று கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

அவருடைய சான்றிதழ் தற்காலிகமானது என்பதால் புதுப்பிக்க வேண்டியிருக்கும். காலாவதித் தேதியை மாத்திரை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். அதற்கு ஆறு மாதம் முன்னதாக மறுபடி இரண்டு வாரம் குறிப்பெழுத வேண்டும் என்பது ஏற்பாடு. தங்கை மகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். இந்த முறை எழுதுவதற்குப் பக்கத்து வீட்டு அங்கன்வாடிப் பணியாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.